எஸ்கியூஎல் பிழையா? செய்தி காட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள்

தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் கற்கத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, பிழைச் செய்தியைப் படிக்காமலே குவெரியை (அந்த மொழியில் எழுதிய கேள்வியை) அழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பது. அந்தச் செய்தியில்தான் விடை இருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 1064 என்ற எண்ணோடு பிழை காட்டும்போது, 'நியர்' (அருகில்) என்று சொல்லி உங்கள் குவெரியின் ஒரு துண்டையும் காட்டும். அந்தத் துண்டு தொடங்கும் இடத்தில்தான் அது மேலே போக முடியாமல் நின்றது. தவறு பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும்.

"செலக்ட் பெயர், ஊர், ஃப்ரம் மாணவர்கள்" என்று எழுதினால், செய்தி ஃப்ரம் என்ற சொல்லைக் காட்டும். ஃப்ரம் சரியாகத்தானே இருக்கிறது என்று பலரும் அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். உண்மையில் ஊருக்குப் பின் ஒரு கமா கூடிவிட்டது. கமா வந்ததால் இன்னொரு நெடுவரிசையின் பெயர் வரும் என்று அது காத்திருந்தது.

இதைவிட ஆபத்தானது கமா விட்டுப்போவது. "செலக்ட் பெயர் ஊர் ஃப்ரம் மாணவர்கள்" என்றால் பிழையே வராது! ஊர் என்பதைப் பெயருக்கான மாற்றுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, 'ஊர்' என்ற தலைப்பின் கீழ் மாணவர்களின் பெயர்களை அடுக்கிவிடும். அதனால் பிழை வராவிட்டாலும் விடையை ஒருமுறை பாருங்கள்.

'நியர்' என்பதற்குப் பின் ஒன்றுமே இல்லையா? குவெரி பாதியில் முடிந்துவிட்டது என்று பொருள். மூடாத அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

அப்புறம் மேற்கோள் குறி. மதுரை என்ற மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதப் பழகுங்கள். இரட்டை மேற்கோளை மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஏற்றுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் அதை நெடுவரிசைப் பெயராக எடுத்துக்கொண்டு, மதுரை என்று ஒரு நெடுவரிசை இல்லை என்று சொல்லும். வேர்டில் எழுதி ஒட்டினால் மேற்கோள்கள் வளைந்துவிடும், அதிலும் கவனம் வேண்டும்.

குவெரியின் பகுதிகள் வரும் வேர் (WHERE), குரூப் பை, ஹேவிங், ஆர்டர் பை, லிமிட் என்ற வரிசையும் மாறக்கூடாது.

சில நேரம் செய்தி காட்டும் சொல்லே குற்றவாளியாக இருக்கும். டேபிளுக்கு 'ஆர்டர்' என்று பெயர் வைத்தால் அப்படித்தான், அது மொழிக்கே ஒதுக்கப்பட்ட சொல். 'ஆர்டர்ஸ்' என்று வைத்தால் தொல்லை இல்லை. 'ரேங்க்' என்ற சொல்லும் மைஎஸ்கியூஎல் 8.0-இல் ஒதுக்கப்பட்டுவிட்டது, 5.7-இல் ஓடிய குவெரி அங்கே திடீரென நின்றால், முதலில் இதைச் சரிபாருங்கள்.