சிஸ்டம் தானாக ஸ்பேம் மெயில் அனுப்புகிறதா? ட்ரோஜனைப் பிடிப்பதும், அது திறந்துவிட்ட பூட்டுகளைத் திரும்பப் பூட்டுவதும்

நம் குமரி மாவட்டத்தில் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்ஃப் வேலைக்கு அனுப்பும் பாஸ்போர்ட் நகல், இ-சேவை விண்ணப்பத்துக்கான ஆதார், பயோடேட்டா எல்லாம் அந்த ஒரே சிஸ்டம் வழியாகத்தான் போய்வரும். அதே சிஸ்டத்தில் ஸ்பேம் (கேட்காமலேயே கூட்டமாக அனுப்பும் குப்பை மெயில்) அனுப்பும் ட்ரோஜன், அதாவது நல்ல நிரல்போல நடித்து உள்ளே நுழையும் தீய நிரல், புகுந்தால் நெட் மெதுவாவதும் மெயில் திரும்பி வருவதும்தான் வெளியே தெரியும். உள்ளே நடப்பது அதைவிட மோசம். ட்ரோஜன் முதலில் செய்வது காவலைத் தூங்கவைப்பது. ஸ்பேம் அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆன்டிவைரஸ் ட்ரோஜனின் கோப்பை அழிக்கும். அது மாற்றிவைத்த செட்டிங்குகளை எல்லாம் பழையபடி ஆக்காது. ஸ்கேன் முடிந்து "சுத்தம்" என்று வந்த சிஸ்டம் பத்தே நாளில் திரும்பவும் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே பிடிப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்களோ, திறந்த பூட்டுகளைத் தேடிப் பூட்டவும் அவ்வளவு நேரம் ஒதுக்குங்கள்.

முதலில், ஸ்பேம் உங்கள் சிஸ்டத்திலிருந்துதான் போகிறதா?

நீங்கள் அனுப்பாத மெயில் "போய்ச் சேரவில்லை" என்று திரும்பி வந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். யாரோ எங்கிருந்தோ உங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் பொய்யாகப் போட்டிருக்கலாம். உங்கள் மெயில் பாஸ்வேர்டு திருட்டுப்போய், கணக்குக்குள் நுழைந்தே அனுப்பியிருக்கலாம். அல்லது உங்கள் சிஸ்டத்தில் உள்ள ட்ரோஜனே அனுப்பியிருக்கலாம்.

ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்தால் இன்பாக்ஸின் அடியில், வலது ஓரத்தில் "டீடெய்ல்ஸ்" என்று சின்னதாக ஒரு இணைப்பு இருக்கும். எந்தெந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து (நெட்டில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கணக்கு திறக்கப்பட்டது என்று அது காட்டும். அங்கே உங்களுக்குச் சம்பந்தமில்லாத இடம் இருந்தால் பாஸ்வேர்டு போய்விட்டது. சாதாரண ஜிமெயில் கணக்கு ஒரு நாளைக்கு 500 மெயில் வரைதான் அனுப்ப விடும்; திடீரென்று "வரம்பு தாண்டிவிட்டது" என்று அறிவிப்பு வந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஆனால் பெரும்பாலான ஸ்பேம் ட்ரோஜன்களுக்கு உங்கள் ஜிமெயில் தேவையே இல்லை. மெயில் அனுப்பும் இயந்திரத்தை அதுவே சுமந்துகொண்டு வரும். தன்னை இயக்கும் சர்வரிடமிருந்து முகவரிப் பட்டியலையும் மெயிலின் வாசகத்தையும் வாங்கி, பெறுபவரின் மெயில் சர்வருக்கு 25-ஆம் போர்ட் (நெட் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) வழியாக நேரடியாக அனுப்பும். அப்போது "சென்ட்" பெட்டியில் ஒன்றும் இருக்காது, திரும்பி வரும் மெயிலும் பெரும்பாலும் உங்களுக்கு வராது. 2011 மார்ச்சில் முடக்கப்பட்ட ரஸ்டாக் என்ற ட்ரோஜன் இந்த வகைதான். சிஸ்டத்தின் சொந்தக்காரருக்குத் தெரியாமலேயே மருந்து விளம்பரங்களை அள்ளி வீசியது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. நெட்டைத் துண்டிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தேடி, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் நெட்ஸ்டாட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஹைஃபனும் அதை ஒட்டியே ஏ, என், ஓ என்ற மூன்று சின்ன எழுத்துகளும் போடுங்கள். இன்னொரு இடைவெளி விட்டு 5 என்று அடித்து என்டர் தட்டினால் ஐந்து நொடிக்கு ஒருமுறை பட்டியல் புதிதாக வரும். நிறுத்த கன்ட்ரோலும் சியும்.

பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் மூன்றாவது பத்தியில் வெளியூர் முகவரிகள் இருக்கும். ஒவ்வொன்றின் கடைசியிலும் முக்காற்புள்ளிக்குப் பிறகு வரும் எண்தான் போர்ட். பிரவுசர் 443-இல் போகும். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவை மெயில் அனுப்ப 587 அல்லது 465-ஐப் பயன்படுத்தும். கடை சிஸ்டம் 25-க்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வெவ்வேறு முகவரிகளின் கடைசியில் 25 என்று பத்து இருபது வரிகள் அடுக்கி நின்றால் சந்தேகமே வேண்டாம், ட்ரோஜன்தான். அந்த வரிகளில் நிலை "எஸ்டாப்ளிஷ்டு" என்று இருந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது, மெயில் போய்க்கொண்டிருக்கிறது. "சின் சென்ட்" என்றே தேங்கி நின்றால் ட்ரோஜன் கதவைத் தட்டுகிறது, நெட் கம்பெனி 25-ஐ அடைத்து வைத்திருக்கிறது. ஸ்பேம் வெளியே போகவில்லை என்று அப்போதும் நிம்மதியாகிவிட வேண்டாம். பாஸ்வேர்டு திருடும் வேலை அதே சமயத்தில் 443 வழியாக நடக்கலாம்.

வரியின் கடைசியில் உள்ள எண் பிஐடி, அந்த இணைப்பை வைத்திருக்கும் நிரலின் அடையாள எண். டாஸ்க் மேனேஜரின் "டீடெய்ல்ஸ்" பக்கத்தில் அதே எண்ணைத் தேடி, ரைட் கிளிக் செய்து "ஓப்பன் ஃபைல் லொகேஷன்" கொடுங்கள். அங்கே எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் வந்தால், அது விண்டோஸுக்குச் சொந்தமான பெயர். அசல் சிஸ்டம்32 ஃபோல்டரில்தான் (64-பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64-இலும்) இருக்கும். ஆப்டேட்டா, டெம்ப் போன்ற ஃபோல்டரில் அதே பெயர் இருந்தால் போலி. இடம் சரியாக இருந்தும் 25-க்குப் போனால், அசல் நிரலுக்குள்ளேயே ட்ரோஜன் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையில் துடைத்துப் பார்ப்பது வீண். நேராக ஓஎஸ் புதிதாகப் போடும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ட்ரோஜன் சில மணி நேரம் தூங்கிவிட்டு அனுப்புவதும் உண்டு. ஒருமுறை பார்த்ததில் ஒன்றும் இல்லை என்றால், மாலையில் இன்னொரு முறை பாருங்கள்.

பிடிப்பது

திரையை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பாஸ்வேர்டு மாற்றும் அவசரம் வரும். அதை இந்தச் சிஸ்டத்தில் செய்யவே செய்யாதீர்கள், புதுப் பாஸ்வேர்டும் அதே கையில்தான் போய்ச் சேரும். சுத்தமான மொபைலில், கடை வைஃபை இல்லாமல், மொபைல் டேட்டாவில் மாற்றுங்கள். கூடவே எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் செய்ய வேண்டும். நீங்கள் உள்ளே நுழைந்ததை நினைவில் வைக்கும் குக்கீயைப் பிரவுசரிலிருந்து திருடியவருக்குப் பாஸ்வேர்டு தேவைப்படாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஜிமெயில் செட்டிங்கில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பாருங்கள். உங்களுக்கு வரும் மெயிலின் நகலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஒன்றை விட்டுப்போயிருந்தால், பாஸ்வேர்டு மாற்றியும் பலனில்லை.

அடுத்து ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் "வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்", அதில் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்", அதன் அடியில் டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) ஆஃப்லைன் ஸ்கேன். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் ஓடும். ஏறக்குறைய 15 நிமிடம். ஓடிக்கொண்டிருக்கும் ட்ரோஜன் ஒளிந்துகொள்ள முடியாது என்பதுதான் இதன் பலம். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையிலும் கரண்ட் போய்வரும், ஆகவே யுபிஎஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது கருத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை வேறு சிஸ்டத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகும். போன மாதம் இறக்கியது வேலைக்கு ஆகாது. இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இப்படிப்பட்ட ட்ரோஜன்களை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயன்படுத்திய பென்டிரைவை அடுத்த சிஸ்டத்தில் போடுவதற்கு முன் ஃபார்மட் அடியுங்கள்.

திறந்த பூட்டுகள்

டிஃபெண்டரிலிருந்து தொடங்குங்கள். "மேனேஜ் செட்டிங்ஸ்" பக்கத்தின் கடைசியில் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்று இருக்கும். இந்தப் பட்டியலில் உள்ள இடங்களை டிஃபெண்டர் பார்க்காமல் விட்டுவிடும். ட்ரோஜன் தன் ஃபோல்டரையோ முழு சி டிரைவையோ இங்கே எழுதிவைக்கும். நீங்களே தெரிந்து சேர்த்ததைத் தவிர எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு ரியல் டைம் ப்ரொடெக்ஷன், டேம்பர் ப்ரொடெக்ஷன் இரண்டையும் ஆன் செய்யுங்கள். பொத்தான் மங்கலாகி "உங்கள் நிர்வாகி இதை நிர்வகிக்கிறார்" என்று வந்தால், கடைச் சிஸ்டத்துக்கு அப்படியொரு நிர்வாகி கிடையாது. விண்டோஸின் செட்டிங்குகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியின் பாலிசிஸ் பகுதியில் ட்ரோஜன் எழுதிவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

எந்தத் தளப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பு அடுத்தது. சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போனால் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதற்குள்ளிருந்து இதைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் சேவ் ஆகாது. விண்டோஸ் போட்ட கையோடு இந்தக் கோப்பில் எல்லா வரியும் # குறியில்தான் தொடங்கும். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, பின்னால் ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் பெயரோ மைக்ரோசாஃப்ட் அப்டேட் முகவரியோ இருந்தால், அந்தத் தளங்களுக்குப் போக விடாமல் ட்ரோஜன் போட்ட தடை அது. "அப்டேட் ஆகவே மாட்டேங்குது" என்ற புகாரின் வேர் பல சமயம் இந்த ஒரு கோப்புதான். டிசைன் மென்பொருளைக் கிராக் செய்து போட்டவர் எழுதிய வரிகளும் இங்கேயே கிடக்கும். அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

நெட் வழியாக எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று காவல் காக்கும் விண்டோஸ் ஃபயர்வாலில் ட்ரோஜன் தனக்கென்று அனுமதி எழுதிவைத்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட "ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்" கொடுப்பது நல்லது. அதன்பின் ஷேர் செய்த பிரிண்டரும், பல சிஸ்டத்தில் ஓடும் பில்லிங் மென்பொருளும் ஒருமுறை அனுமதி கேட்கும். பயந்து ஃபயர்வாலையே ஆஃப் செய்துவிட வேண்டாம். அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் "டிசேபிள்டு" என்று இருந்தால் "மேனுவல்" ஆக்குங்கள். நெட் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் ப்ராக்ஸி ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை "தானாகப் பெறு" என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரவுட்டருக்குள்ளும் போய் டிஎன்எஸ் சரியா என்று பார்த்து, அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற ட்ரோஜன் இந்த ஒரு செட்டிங்கை மாற்றியே பிழைத்தது. அதை நடத்தியவர்கள் 2011 நவம்பரில் பிடிபட்டார்கள். அவர்களுடைய சர்வர்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஓடியவை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டபோது, அதுவரை செட்டிங்கைத் திருத்தாதவர்களுக்கு நெட்டே நின்றுபோனது.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரையும் திறந்து பாருங்கள். அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வையைப் பெயராக வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை பவர்ஷெல்லை (கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் நிரல்) எழுப்பும் வேலை இருந்தால், அழித்த ட்ரோஜனைத் திரும்ப இறக்கும் ஏணி அதுதான்.

கடைசியாக 25-ஆம் போர்ட்டை நீங்களே அடைத்துவிடுங்கள். ஃபயர்வாலின் "அட்வான்ஸ்டு" பகுதியில் அவுட்பவுண்ட் ரூல்ஸ், நியூ ரூல், போர்ட், டிசிபி, ரிமோட் போர்ட் 25, பிளாக். ரவுட்டரில் இந்த வசதி இருந்தால் அங்கேயும் போடுங்கள், அதுதான் இன்னும் உறுதி. சிஸ்டத்துக்குள் இருக்கும் ட்ரோஜனால் அந்த விதியை எளிதில் தொட முடியாது. உங்கள் மெயில் 587, 465 வழியாகப் போவதால் ஒன்றும் நிற்காது.

தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அட்மின் கணக்கு பாஸ்வேர்டோடு தனியாக இருக்கட்டும். ஸ்டாண்டர்டு கணக்கில் வரும் ட்ரோஜனால் டிஃபெண்டரை அணைக்க முடியாது. ஆனால் மெயில் அனுப்ப அட்மின் உரிமை தேவையில்லை, அதனால்தான் 25-ஐத் தனியாக அடைக்கச் சொல்வது.

ஓஎஸ் புதிதாகப் போட வேண்டியது எப்போது

டிஃபெண்டர் பொத்தான் மங்கலாகவே இருந்தால், நீக்கியது ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்தால், அசல் எஸ்விசிஹோஸ்ட்டே 25-க்குப் போனால், தயங்காமல் ஓஎஸ் போடுங்கள். சிஸ்டம் ரீஸ்டோரை நம்ப வேண்டாம், பழைய புள்ளியிலும் ட்ரோஜன் இருக்கலாம். வேறு சிஸ்டத்தில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, சி டிரைவ் பார்ட்டிஷனை அழித்துவிட்டுப் போடுங்கள். படம், பிடிஎஃப், கணக்குக் கோப்புகளை மட்டும் பேக்கப் எடுங்கள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் கோப்புகளை எடுக்கலாம். ஆனால் பென்டிரைவ் பென்டிரைவாகக் கடைமாறி வந்த தமிழ் கீபோர்டு செட்டப் கோப்பை எடுக்காதீர்கள், புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. போடுவதே போடுகிறீர்கள், சிஸ்டம் தாங்கினால் 11 போடுங்கள். ஆக்டிவேஷனுக்குக் கிராக் மட்டும் வேண்டவே வேண்டாம். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்" என்று அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நாமே அணைத்துக்கொடுப்பதால், ட்ரோஜனுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. இன்னொரு வாசல், "விசா ஆஃபர்" என்ற பெயரில் பிடிஎஃப் ஐகானோடு வரும் இஎக்ஸ்இ கோப்பு. எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் செய்தால் அதன் உண்மையான வால் தெரியும்.

பிறகு

ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் உங்கள் ஐபி முகவரியைச் சோதியுங்கள். நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத இணைப்புகளுக்கான பிபிஎல் பட்டியலில் இருந்தால் கவலை வேண்டாம், வீட்டு, கடை இணைப்புகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எக்ஸ்பிஎல் பட்டியல்தான் ட்ரோஜன் பிடித்த முகவரிகளுக்கானது. ஃபைபர் இணைப்பில் ஒரே ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வதுண்டு, ஆகவே பக்கத்துத் தெருச் சிஸ்டத்தின் பாவம் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். உங்கள் நெட்ஸ்டாட் என்ன காட்டியது என்பதையே நம்புங்கள். பட்டியலிலிருந்து நீக்கக் கேட்பது சுத்தம் செய்த பிறகுதான். முன்பே கேட்டால் நீக்கிய வேகத்தில் திரும்ப ஏறும்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். யாருடைய ஆதாரும் பாஸ்போர்ட்டும் அந்தச் சிஸ்டத்தில் கிடந்ததோ, அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஆதாரின் பயோமெட்ரிக்கை ஆன்லைனில் பூட்டிவைக்கலாம், அதைச் செய்யத் தெரியாதவருக்குக் கடையில் உட்காரவைத்துச் செய்துகொடுங்கள். அவர்கள் உங்களை நம்பித்தான் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து நெட்ஸ்டாட்டையும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் மறுபடி திறந்து பாருங்கள். மூன்றும் நீங்கள் விட்டபடியே இருந்தால் ட்ரோஜன் பெரும்பாலும் போய்விட்டது.