கார்னிஃபெக்ஸுக்கு வண்ணம் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987-இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000, குட்டிப் பொம்மை உருவங்களை ஒட்டி, பூசி, மேசையில் ஆடும் போர் ஆட்டம். அதில் டைரனிட் என்ற வேற்றுக்கிரக மிருகங்களின் படை சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் கார்னிஃபெக்ஸ் என்ற பெரிய மிருகத்தை வாங்கிவிடுவார்கள். முதுகெங்கும் அடுக்கடுக்கான ஓடு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அரிவாள் நகங்கள், 105-க்கு 70 மில்லிமீட்டரில் ஒரு நீள்வட்ட பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு). அதுவரை டெர்மகான்ட் என்ற குட்டி டைரனிட்டுகளைக் கும்பலாகப் பூசிப் பழகியவர்கள், அதே முறையைப் பெரிய அளவில் செய்தால் போதும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, பெரிய உருவங்கள் கெட்டுப்போவது அங்கேதான் தொடங்குகிறது. சின்ன உருவத்தில் பிரஷ் தடம் தெரிய இடமே இல்லை. கார்னிஃபெக்ஸின் தொடையிலும் முதுகிலும் எல்லாம் தெரியும்.

முதலில் ஒட்டும் வேலை. எல்லா பாகங்களையும் ஒட்டி முடித்துவிட்டு பிரைமர் (அடிப்பூச்சு) அடிப்பது சின்ன உருவத்துக்குச் சரி. இதில் அப்படிச் செய்தால் நகங்கள் நெஞ்சை மறைத்துவிடும், பிரஷ் உள்ளே போகாது. தலையையும் மேல் கைகளையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பசை படவேண்டிய இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கித்தான் ஒட்டுகிறது. நடுவில் பெயின்ட் இருந்தால் பிடிப்பு வராது. சூப்பர் க்ளூ அவசரத்துக்கு உதவும், ஆனால் காய்ந்தபின் எளிதில் முறியக்கூடியது. மேசையில் ஒரு தட்டு தட்டினால் கனமான கை கழன்று விழும். ரெசின் உருவமாக இருந்தால் முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை போக. கனமான மூட்டுகளில் இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி, அப்புறம் சூப்பர் க்ளூ.

அச்சுக் கோடுகளையும் (அச்சு சேரும் இடத்தில் உருவத்தின் மேல் விழும் மேடான கோடுகள்) இணைப்பு இடைவெளிகளையும் ‘பெயின்டில் மறைந்துவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. டிரை பிரஷ் செய்யும்போது, அதாவது பெயின்ட்டைத் துடைத்த காய்ந்த பிரஷால் தேய்க்கும்போது, மேடாக இருப்பதில்தான் நிறம் ஏறும். அச்சுக் கோடு தொடையின் குறுக்கே வெள்ளைத் தையல் போலத் துலங்கும். கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டி, இடைவெளியை எபாக்ஸி புட்டி வைத்து அடைத்துவிடுங்கள்.

பிரைமரில் அதிகம் சொல்ல இல்லை. இருபது முப்பது சென்டிமீட்டர் தள்ளி நின்று, சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். உருவத்தைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றையும் மறக்காமல் அடியுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள், பரப்பு சொரசொரப்பாகிவிடலாம். முழுக்கக் கறுப்பு அடித்து, காய்ந்தபின் மேலிருந்து மட்டும் வெள்ளை தூவினால், வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே நிற்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடைசிவரை உதவும்.

இனி வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த பெயின்ட். பெரிய உருவங்களைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். டைரனிட் படைப்பிரிவுகளில் ஒன்றான லெவியாதனின் நிறத்தை எடுத்துக்கொள்வோம்: எலும்பு வெள்ளைத் தோல், ஊதா ஓடு. டெர்மகான்ட்டின் மேல் அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற பழுப்பு வாஷை அப்படியே பூசினால் அது பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும், நிமிடத்தில் நிழல் வந்துவிடும். அதையே கார்னிஃபெக்ஸின் தொடையில் பூசினால் திரவத்துக்குப் போக இடமில்லை. நடுவில் தேங்கி, ஓரத்தில் பழுப்பு வளையமாகக் காயும். பதறிப்போய்ப் பாதி காய்ந்ததைப் பிரஷால் தொட்டால் இன்னும் மோசம், மேல்படலம் கிழிந்து திட்டுத்திட்டாகிவிடும். அதனால் வாஷில் மீடியம் (நிறமில்லாத பெயின்ட் திரவம்) கலந்து நீர்க்கச் செய்து, தசை மடிப்பிலும் ஓட்டின் அடியிலும் மட்டும் மெல்லிய பிரஷால் விடுங்கள். தேங்கினால் ஈரம் இருக்கும்போதே சுத்தமான பிரஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். காயத் தொடங்கிவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். 2019-இல் வந்த, ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் கான்ட்ராஸ்ட் பெயின்ட்டுகளும் வழவழப்பான பெரிய பரப்பில் இப்படித்தான் தேங்கும். ஓட்டின் ஒரு தகட்டைத் தொடங்கினால் அதை முடிக்காமல் நடுவில் எழுந்து போகாதீர்கள்.

பூஜ்ய நம்பர் மெல்லிய பிரஷால் முதுகு முழுவதையும் நிரப்புவது வீண் உழைப்பு. கோடு கோடாகத்தான் வரும். பெரிய பிரஷை எடுத்து, பெயின்ட்டை நீர்க்கச் செய்து, இரண்டு மூன்று பூச்சாகக் கொடுங்கள். இன்னொன்று, கலந்து செய்த நிறம் பாதி முதுகில் தீர்ந்துவிட்டால் மறுபடி அதே நிறம் கிடைப்பது கடினம். தேவைக்கு மேலாகவே கலந்து ஒரு சொட்டுப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். எது எத்தனை சொட்டு என்று எழுதியும் வையுங்கள், அடுத்த கார்னிஃபெக்ஸுக்கு வேண்டுமே.

ஓட்டின் விளிம்பில் ஒரே ஒரு வெளிர்கோடு இழுப்பது குட்டி உருவத்துக்குப் போதும். பெரிய தகட்டில் அது மட்டும் இருந்தால் நடுப்பகுதி வெறிச்சோடிக் கிடக்கும். ஊதாவில் கொஞ்சம் எலும்பு நிறம் கலந்து, தகட்டின் உள்ளிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகளை நெருக்கமாக இழுங்கள். திசை இங்கே முக்கியம். பிரஷ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் நிறம் அதிகம் சேரும், ஆகவே இழுப்பு விளிம்பில் போய் முடிய வேண்டும். மாற்றி இழுத்தால் வெளிச்சம் தகட்டின் நடுவில் போய் நிற்கும். அடுத்த சுற்றில் நிறத்தை இன்னும் வெளுப்பாக்கி, கோடுகளைக் குட்டையாக்குங்கள். நீளம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். கொம்பும் குளம்பும் இயற்கையில் அப்படித்தான் இருக்கின்றன. பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் இந்த மிருகத்துக்கு உயிர் வருவது இதில்தான். டிரை பிரஷால் எல்லாவற்றையும் முடித்துவிட நினைத்தால் ஓடு சுண்ணாம்பு பூத்தது மாதிரி ஆகிவிடும்.

இடம் நிறைய இருக்கிறதே என்று புதுப்புது நிறங்களைச் சேர்க்கும் ஆசையும் வரும். வேண்டாம். லெவியாதன் போலவே மற்றப் பிரிவுகளுக்கும் நிறம் உண்டு: பெஹெமோத் என்றால் சிவப்புத் தோலும் நீல ஓடும், கிராக்கன் என்றால் வெளிறிய தோலும் சிவப்பு ஓடும். உங்கள் குட்டிகளுக்கு என்ன நிறமோ, பெரியதற்கும் அதுவே. பேஸின் மண்ணும் விளிம்பு நிறமும்கூட மாறக் கூடாது. எதிராளி மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அவர் கண்ணுக்குப் படை ஒன்றாகத் தெரிய வேண்டும். அவர் முதலில் பார்ப்பது தலையை. பலர் குளம்பிலிருந்து தொடங்கி, களைத்துப்போன கையோடு கடைசியில் தலைக்கு வருகிறார்கள். அதனால்தான் தலையைத் தனியாக வைக்கச் சொன்னேன்: தெம்பு இருக்கும்போதே அதை முடித்துவிடலாம்.

முழுப் படையும் பூசியிருந்தால் ஆட்டத்தில் 10 வெற்றிப் புள்ளிகள் கிடைக்கும் என்பதால், போட்டிக்கு முந்தைய இரவு இதைத் தொடங்குகிறவர்களும் உண்டு. டெர்மகான்ட்டுகளை அப்படி முடித்துவிடலாம். இதற்கு ஒவ்வொரு பூச்சும் காய நேரம் வேண்டும்.

பெரிய உருவத்தை ஆட்டத்தில் எல்லோரும் முதுகையோ நகத்தையோ பிடித்துத்தான் தூக்குவார்கள். வார்னிஷ் இல்லாவிட்டால் விளிம்பு நிறம் முதலில் தேய்ந்து, கீழே இருக்கும் கறுப்பு தெரியும். மாட் (பளபளப்பில்லாத) வார்னிஷை மெல்லியதாக இரண்டு முறை, ஈரமில்லாத நாளில் அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகே நாக்கு, ஈறு, கண் ஆகியவற்றில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷைப் பிரஷால் தொட்டு வைக்க வேண்டும். வரிசை மாறினால் மேலே விழும் மாட் வார்னிஷ் வாயின் ஈரப் பளபளப்பை அணைத்துவிடும்.