தகரத்துக்கு அடியில் இரண்டு அங்குலம்

பர்மாவின் மோல்மேன் ஊரில் உள்ள எங்கள் வீட்டு மச்சு அறையில் சித்திரை மாத மத்தியானத்தில் உட்கார முடியாது. கூரையைச் சரிவாகத் தாங்குவது தாத்தா காலத்துத் தேக்குக் கைமரம், மேலே வெறும் தகரம். சில வருடங்களுக்கு முன் தெர்மாக்கோல் பலகையை வாங்கி, கைமரங்களுக்கு நடுவே தகரத்தோடு ஒட்டத் திணித்துவிட்டேன். சூடு குறைந்தது உண்மை. மூன்றாவது மழைக்காலம் முடிந்து ஒரு பலகையைப் பிடுங்கிப் பார்த்தேன். இறவாணத்துப் பக்கம், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில், மரத்தின் நுனி கறுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அரை அங்குலம் சத்தமில்லாமல் உள்ளே போனது. தேக்கு தாங்கிக்கொண்டது, அப்பா பிறகு மாற்றிப் போட்ட இரண்டு கன்யின் மரங்கள்தான் (தேக்கல்லாத வேறு பர்மா மரம்) போயின.

ஒழுகல் மட்டுமே காரணமில்லை. தெளிந்த இரவில் தகரம் சுற்றிலும் உள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். ஈரக்காற்று அதன் அடியில் பட்டு வியர்க்கும். காற்றோட்டம் இருந்தால் வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். அடைத்து வைத்தால் மரம் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது.

ஆகவே கூரைக்கு அடியில் சூடு தடுக்கும் கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைப்பதானால், முதலில் தகரத்தைச் சரி பண்ணுங்கள். துருவேறிய ஆணிகளைப் பிடுங்கி, ரப்பர் வாஷர் வைத்த திருகாணி போடுங்கள். கெட்ட மரத்தை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் இடைவெளி. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் கைமரத்தின் மேல் படுத்திருக்கும். கைமரத்தின் மேல்மட்டம் வரை நிரப்பினால், ஒவ்வொரு சட்டமும் காற்றுக்கு அணைபோல் குறுக்கே நிற்கும். அதனால் சட்டத்தின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் அளந்து, கைமரத்தின் இருபக்கமும் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே ரீப்பர் அடியுங்கள். கிளாஸ் வுல் அந்த ரீப்பரைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. ஐந்து அங்குலக் கைமரமானால் மூன்று அங்குலம்தான் நிரப்பக் கிடைக்கும்; போதும், பேராசை வேண்டாம்.

காற்று இறவாணத்தில் நுழைந்து முகட்டில் வெளியேற வேண்டும். கீழே நெடுக ஓர் அங்குலத் திறப்பு விட்டு, வௌவாலும் எலியும் வராமல் கம்பி வலை அடியுங்கள். முகட்டுத் தகரத்தை ஆறு அங்குலமாவது இருபக்கமும் இறக்கிப் போட்டால், தென்மேற்குக் காற்று சாரலை உள்ளே அடிக்காது.

ஃபாயில் ஒட்டிய கிளாஸ் வுல் வாங்கினால் பளபளப்பு மேலே, இடைவெளியைப் பார்த்து இருக்கட்டும். குளிர்நாட்டு வீடியோக்களில் அறைப்பக்கம் பாலிதீன் விரிக்கச் சொல்வார்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. நமக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஏசி போட்ட அறையில் அந்தப் பாலிதீன் மேல்தான் தண்ணீர் கோக்கும். விரிக்காதீர்கள்.

வேலைக்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். ஃபாயிலில் மின்சாரம் பாயும்; பழைய ஒயர் அதில் உரசக் கூடாது. முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் உட்கூரைப் பலகை. இறவாணத்தை ஒட்டிய ஒரு பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் திருகாணியில் நிறுத்துங்கள். மழைக்காலம் முடிகையில் வரும் பர்மிய விளக்குத் திருவிழாவான தடிஞ்சுட்டுக்கு விளக்கு ஏற்றுகிற வாரத்தில் நான் அதைக் கழற்றி, கைமர நுனியை விரலால் தடவிப் பார்ப்பேன். போன வருடம் தூசி மட்டும்தான் ஒட்டியது.