நோன்பின் ஒழுங்கை வைத்து வேலையில் பெயர் எடுப்பது எப்படி?

நோன்பின் நோக்கம் இறையச்சம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 183-ஆம் வசனம் அதை நேராகவே சொல்கிறது. சம்பள உயர்வுக்காக யாரும் நோன்பு வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் நிய்யத் (நோன்பு வைக்கும் உறுதி), சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு), இஃப்தார் (நோன்பு திறப்பது), களா (விட்ட நோன்பைப் பிறகு நிறைவேற்றுவது) என்று அந்த வணக்கத்தைத் தாங்கி நிற்கும் ஒழுங்கு இருக்கிறதே, அதை வேலையிலும் எடுத்தாளலாம். அதில் முதன்மையான ஒன்று: பகல் முழுதும் நோன்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, பலரோடு கூடி அமர்வது நோன்பு திறக்கும்போதுதான். தொழிலில் பெயர் எடுக்க விரும்பும் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாளெல்லாம் லிங்க்ட்இனில் தென்படுகிறார்கள், காட்டுவதற்குக் கையில் வேலை இருப்பதில்லை.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டே போவோம். ஒருவர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளர். “உள்ளீட்டு வரியில் சிக்கலா, இவரைக் கேளுங்கள்” என்று நாலு பேர் சொல்லும் நிலைக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வதுதான் உள்ளீட்டு வரி.) அவருக்கு 30 நாள் திட்டம் இது. ரமலானிலேயே செய்யலாம், வேறு மாதத்திலும் செய்யலாம்.

நிய்யத்: முந்தைய இரவே, ஒரே வரியில்

ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) ஒவ்வொரு ரமலான் நோன்புக்கும் பஜ்ருக்கு (விடியற்காலைத் தொழுகை நேரத்துக்கு) முன், இரவிலேயே நிய்யத் வைக்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் ஒரே தடவை வைத்துவிட்டால் போதாது. வேலையிலும் அப்படியே. “இந்தத் துறையில் பெரிய ஆளாக வேண்டும்” என்பது துஆ (வேண்டுதல்), நிய்யத் அல்ல. “நாளை காலை 6 மணிக்கு 40 நிமிடம், போன மாத ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வராத பில்களைக் காரணவாரியாகப் பிரிப்பேன்” என்பதுதான் நிய்யத். (விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து வாங்கியவருக்கு மாதந்தோறும் வரும் உள்ளீட்டு வரிப் பட்டியல்தான் ஜிஎஸ்டிஆர்-2பி.) நேரம், அளவு, செயல் மூன்றும் அதில் இருக்க வேண்டும். தாளில் எழுதி மேசையில் வையுங்கள்.

சஹரில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது, அதை விடாதீர்கள் என்பது நபிமொழி. பசிக்கும் முன்பே தயாராவதுதான் சஹர். தேவையான எக்செல் கோப்பு, பழைய பில்கள், மடிக்கணினியின் சார்ஜ் எல்லாம் இரவே சரியாக இருக்கட்டும். காலையில் உட்கார்ந்து “இன்று எதைச் செய்யலாம்” என்று யோசிக்கத் தொடங்கினால் 40 நிமிடத்தில் பாதி அதிலேயே போய்விடும். முதல் வாரத்தில் திட்டம் கலைவது பெரும்பாலும் இதனால்தான்.

எது முறிக்கும்?

எதனால் நோன்பு முறியும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அதைக் காக்க முடிகிறது. உங்கள் 30 நாளுக்கும் முறிப்பவை மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய 40 நிமிடம் முடியும் முன் லிங்க்ட்இனையோ வாட்ஸ்அப் குழுக்களையோ திறப்பது. போட்ட பதிவுக்கு எத்தனை லைக் என்று எண்ணிப் பார்ப்பது (வாரம் ஒரு முறை, வெள்ளி மாலை மட்டும் பார்த்தால் போதும்). கருத்துப் பகுதியில் சண்டைக்குப் போவது.

கடைசியாகச் சொன்னதற்கு நோன்பே வழி காட்டுகிறது. யாராவது வம்புக்கு இழுத்தால் “நான் நோன்பாளி” என்று சொல்லி விலகச் சொன்னார்கள் நபியவர்கள். உங்களிடமும் ஒரு வரி தயாராக இருக்கட்டும்: “உங்கள் கருத்துக்கு நன்றி, சட்டப்பிரிவை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.” சொன்னபடி பார்த்துவிட்டு, தவறு உங்களுடையது என்றால் பதிவைத் திருத்துங்கள்.

பொய்யை விடாதவர் உணவையும் பானத்தையும் விட்டிருப்பது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற நபிமொழியும் இங்கே பொருந்தும். சுயவிவரத்தில் உதவியாளராகச் செய்த வேலையை “தலைமை தாங்கினேன்” என்று எழுதாதீர்கள். வேலைக்கு எடுப்பவர் பழைய மேலாளரை அழைத்து ஒரு கேள்வி கேட்டால் போதும், அது வெளியே வந்துவிடும். லிங்க்ட்இன் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் உண்டு. ஆனால் கைபேசியில் தொடக்கம் மட்டும்தான் தெரியும். எனவே பதவிப் பெயருக்கு முன்பாக, நீங்கள் தீர்த்துவைக்கும் சிக்கலை எழுதுங்கள்: “ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி ஒப்பீடு, ஏற்றுமதிக் கணக்கு.”

இஃப்தார்: நேரம் வந்ததும் திறப்பது

நோன்பு திறப்பதைத் தாமதிக்கக் கூடாது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும். வேலையை வெளியே காட்டுவதற்கும் இதே இலக்கணம். வாரம் இரண்டு பதிவு, செவ்வாயும் வெள்ளியும், மாலை ஒரே நேரம். நான்கு வாரத்தில் எட்டு. “இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம்” என்று தள்ளினால் அந்த வாரம் போய்விடும்.

ஒரு பதிவில் ஒரே சிக்கல், 150 சொல்லுக்குள். விற்றவர் தம் விற்பனைப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால், 14-ஆம் தேதி வரும் 2பி-யில் அந்த பில் இருக்காது, அடுத்த மாதத்துக்குப் போய்விடும். இது ஒரு பதிவு. ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறி வேறொருவர் கணக்கில் பில் ஏறிவிடுவது இன்னொரு பதிவு. பதிவு செய்த வணிகருக்குப் போட்ட பில்லை நுகர்வோர் விற்பனையாகக் காட்டிவிடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே பதிவில் கொட்டினால், பகல் முழுதும் பட்டினி இருந்துவிட்டுக் கஞ்சியும் வடையும் பிரியாணியும் ஒரே மூச்சில் சாப்பிட்டது போல ஆகிவிடும். வாடிக்கையாளரின் பெயர், ஜிஎஸ்டி எண், தொகை எதையும் படத்தில் விடாதீர்கள்.

நோன்பு வைத்திருப்பதையே பதிவாக்கி, “ரமலான் எனக்குக் கற்றுத்தந்த ஐந்து தலைமைப் பண்புகள்” என்று போடாதீர்கள். அது ரியாவின் (பிறர் பார்க்க வணங்குவதன்) வாசலில் நிற்பது. ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள், வணக்கத்தைக் கடைவிரிக்காதீர்கள்.

தவறிப்போனால்

மற்ற எந்தத் திட்டத்திலும் இல்லாத பலம் நோன்பில் இருப்பது இங்கேதான். மறந்து சாப்பிட்டவர் நோன்பைத் தொடரலாம். நோயாளியும் பயணியும் விட்டுவிட்டு, வேறு நாட்களில் அதே எண்ணிக்கையை நிறைவேற்றலாம். விட்டதற்குக் கணக்கு இருக்கிறது, விட்டதனால் மாதமே பாழாவதில்லை. ஒரு நோட்டில் 30 கட்டம் போடுங்கள். செய்த நாளுக்கு ஒரு கோடு, விட்ட நாளுக்கு “க”. களாவை அந்த வார ஞாயிறே தீர்த்துவிடப் பாருங்கள், ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டு நாள் விட்டதற்கு மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நான்காம் நாளும் போய்விடும். நோன்பு திறக்காமல் இரவும் பகலும் தொடர்ந்து நோன்பிருப்பதை நபியவர்கள் தோழர்களுக்குத் தடுத்தார்கள். இரவு ஒரு மணி வரை விழித்துப் படிப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரமலானிலேயே இதைச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் நோன்பு சுமார் 13 மணி நேரம். மூளைக்கு வேலை தரும் 40 நிமிடத்தை பஜ்ருக்குப் பின் வையுங்கள். மூன்று மணிக்கு மேல் பில் அடுக்குவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது போன்றவை போதும். தேநீரை ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்து வந்தால் முதல் மூன்று நாள் தலைவலி பெருமளவு குறையும்.

கடைசிப் பத்து

ரமலானின் கடைசிப் பத்து நாள் பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கும் இஃதிகாஃப் இருப்பவர் 20-ஆம் நாள் மாலையே பள்ளிவாசலுக்குள் போய்விடுகிறார். நீங்களும் 21-ஆம் நாளிலிருந்து, வாரம் இரண்டு பதிவு தவிர மற்ற வெளி நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, கையில் கொடுக்கக்கூடிய ஒன்றைச் செய்து முடியுங்கள்: 2பி-யையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் காரணத்தோடு காட்டும் ஓர் எக்செல் வார்ப்புரு, கூடவே இரண்டு பக்க விளக்கம். 27-ஆம் நாளுக்குள் துறையில் மூத்தவர் இருவரிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

பித்ராவை (ஏழைகளுக்கான பெருநாள் தானத்தை) பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அதுபோல, மேலாளரிடம் பதவி உயர்வு பற்றிப் பேசும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த வார்ப்புருவை அலுவலகத்தில் ஓர் இளையவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். உங்களோடு வேலை செய்த ஒருவருக்குக் கேட்காமலே லிங்க்ட்இனில் பரிந்துரை எழுதுங்கள். அதன்பின் மேலாளரிடம் வார்ப்புருவும், அதனால் மீட்ட வரித் தொகையும் ஒரே பக்கத்தில் போகட்டும்.

பெருநாளுக்குப் பிறகு, ரமலானை அடுத்த மாதமான ஷவ்வாலில் ஆறு நோன்பு. திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது ஆண்டு முழுதும் உள்ள சுன்னத் (நபிவழி). தினசரி 40 நிமிடத்தை அதே இரண்டு நாளுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பதிவு போதும்.