குளமும் காடும் ஒரே கோப்பில்: குமரி மாவட்ட நீர்ப்பணிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கோதையாறும் பரளியாறும் பழையாறும் ஒரே மலைத்தொடரில் பிறக்கின்றன. அந்த மலைக்காட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர், 2008-ஆம் ஆண்டு முதல் வனவிலங்கு சரணாலயமாக இருக்கிறது. பேச்சிப்பாறை அணையிலும் பெருஞ்சாணி அணையிலும் தேங்கும் நீர் அந்தக் காடு பிடித்து வைத்து மெல்ல விடுகிற நீர்தான். ஆகவே இந்த மாவட்டத்தில் நீர்வள மேம்பாடு என்பதும் வனவிலங்குப் பாதுகாப்பு என்பதும் ஒரே நிலத்தில் நடக்கும் இரண்டு வேலைகள். நீர்வளத்துறை, வனத்துறை, மின்வாரியம், மீன்வளத்துறை, உள்ளாட்சி என ஐந்து அமைப்புகள் அந்த நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கிடையே நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கெட்ட எண்ணம் காரணமல்ல. யாரை எப்போது கேட்பது என்ற வரிசை பிசகுவதே காரணம்.

அனுமதியைக் கடைசியில் தேடுவது

வழக்கமாக நடப்பது இதுதான்: திட்டம் வரையப்படுகிறது, மதிப்பீடு தயாராகிறது, நிதி ஒதுக்கப்படுகிறது, சில வேளைகளில் ஒப்பந்தப்புள்ளியும் கோரப்படுகிறது, அதன்பின் வனத்துறையின் தடையின்மைச் சான்று கேட்டுக் கடிதம் போகிறது. அந்தக் கட்டத்தில் வனச்சரகர் எழுப்பும் நியாயமான கேள்விகூட முட்டுக்கட்டையாகத் தெரிவதால், வளர்ச்சிக்கு வனத்துறை தடை என்ற பேச்சு எளிதில் கிளம்பிவிடுகிறது. மதிப்பீடு போடுவதற்கு முன்பே இரு துறையினரும் சேர்ந்து ஒரு கூட்டுக் கள ஆய்வு நடத்தியிருந்தால் அந்தக் கேள்விகளில் பாதி எழுந்திருக்காது.

சட்டத்தைப் பாதி படிப்பதும் இதோடு சேர்ந்த தவறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் மரம் வெட்டுவதையும் பற்றியது என்றே பலரும் நினைக்கின்றனர். அதன் 29-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வரும் நீரையோ அதிலிருந்து வெளியேறும் நீரையோ திருப்புவதற்கும் தடுப்பதற்கும் அதிகரிப்பதற்கும்கூட தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. அந்த அனுமதிக்கு முன், மாநில வனஉயிரின வாரியத்தைக் கலந்து, அப்பணி அங்குள்ள விலங்குகளின் நன்மைக்கும் மேலாண்மைக்கும் அவசியமானது என்று அரசு நிறைவடைய வேண்டும். விவசாயிகளுக்குப் பயன்படும் என்ற வாதம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அது மட்டும் அந்த இடத்தில் போதாது. மேலும், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி வனநிலத்தை வேறு பயனுக்கு மாற்றப் பெறும் ஒப்புதல் வேறு, வனவிலங்குச் சட்டப்படி பெறும் அனுமதி வேறு. ஒன்றைப் பெற்றதும் மற்றொன்றும் கிடைத்துவிட்டதாக எண்ணித் தொடங்கும் பணி பின்னர் நீதிமன்றத்தில் நின்றுபோனால், நட்டம் நீர்வளத்துறைக்கும் அந்தத் தண்ணீரை எதிர்பார்த்த பாசன நிலங்களான ஆயக்கட்டுக்கும்தான்.

குளத்தைப் பாசனத் தொட்டியாக மட்டும் பார்ப்பது

வனவிலங்கு என்றதும் யானையையும் மிளாவையும் நினைப்பவர்களுக்கு, சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் வனவிலங்கு வாழிடங்கள் என்பது உடனே தோன்றுவதில்லை. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் வலசைப் பாதையின் தென்கோடியில் இருக்கும் இக்குளங்கள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் உள்ளான்களும் வந்திறங்கும் இதே குளங்கள்தான் பாசனத்துக்கும் நீர் தருகின்றன. தண்ணீர் நீர்வளத்துறையின் பொறுப்பு, பறவை வனத்துறையின் பொறுப்பு, மீன்பாசிக் குத்தகை வேறொருவர் கையில், தாமரைக் குத்தகை இன்னொருவர் கையில், கரையை ஒட்டிய சாலை நெடுஞ்சாலைத்துறையிடம். இப்படிப் பிரிந்து கிடக்கும் இடத்தில் ஒருவர் செய்யும் நல்ல வேலை மற்றவருக்குக் கேடாக முடிவது இயல்பு.

2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறையில், பாசனத்துக்கென்றே மனிதர் உருவாக்கிய நீர்நிலைகள் விலக்கப்பட்டிருப்பதைச் சுட்டி, எங்கள் குளத்துக்கு எந்த விதியும் பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. ராம்சர் அறிவிப்பும், வனவிலங்குச் சட்டத்தின் 36அ பிரிவின் கீழ் சுசீந்திரம், தேரூர், மணக்குடி பகுதிக்குக் கிடைத்துள்ள பாதுகாப்புக் காப்பக அறிவிப்பும் இருக்கும் இடத்தில் இந்த வாதம் நிற்காது. காப்பகத்துக்குள் உயிரினங்களுக்குத் தீங்கு செய்யும் ரசாயனங்களையும் வெடிபொருள்களையும் பயன்படுத்தச் சட்டத்தில் தடை உண்டு என்பதைத் தாமரைக் குத்தகைதாரர்களுக்கு முன்கூட்டியே, அதுவும் குத்தகை நிபந்தனையாகவே எழுதிக் கொடுப்பது நல்லது. நீலத்தாழைக்கோழி தாமரைக் குருத்தைக் கொத்துகிறது என்பது அவர்களுடைய உண்மையான கவலை. அதற்கு வெடி தீர்வாகாது. குளத்தின் ஒரு பகுதியைத் தாமரைக்கும் ஒரு பகுதியைத் திறந்த நீருக்கும் விட்டுவைப்பது தீர்வாகலாம். தாமரை முழுவதையும் அழித்துவிட வேண்டும் என்று சிலர் கேட்பதையும் ஏற்க முடியாது. இலைமேல் கூடு கட்டும் இலைக்கோழி அப்போது எங்கே போகும்?

இதில் சட்டத்திலேயே ஒரு குறை இருக்கிறது. காப்பகத்துக்கான மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று 36ஆ பிரிவு சொல்லும்போது, வனத்துறை, ஊராட்சிகள், தொண்டு நிறுவனங்கள், வேளாண்மை, கால்நடைப் பராமரிப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. மடையைத் திறந்து மூடும் நீர்வளத்துறையைக் குறிப்பிடவில்லை. தண்ணீரைக் கையில் வைத்திருப்பவர் இல்லாமல் ஈரநிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் குழு ஏட்டளவில்தான் செயல்படும். ஆனால் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளக் குழுவுக்கு அதிகாரம் இருப்பதால், உதவிச் செயற்பொறியாளரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழைப்பதில் தடை ஏதும் இல்லை.

அடுத்து, தூர்வாருதல். கால்வாய்கள் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடிகளுக்காகத் திறக்கப்படுவது வழக்கம் என்பதால், குளத்தில் இயந்திரம் இறங்க மார்ச், ஏப்ரல், மே என்ற மூன்று மாதங்களே கிடைக்கின்றன. அந்த மாதங்களில்தான் வற்றி ஒதுங்கிய நீரில் மீன் செறிந்து, நீரில் நடந்து இரை தேடும் பறவைகள் கூடுகின்றன. இந்த மோதலை ஒழிக்க முடியாது, குறைக்க முடியும். ஒரு குளத்தை ஒரே கோடையில் முழுவதும் தோண்டாமல் இரண்டு கோடைகளில் பாதி பாதியாகத் தோண்டலாம். அருகருகே உள்ள இரண்டு குளங்களை ஒரே ஆண்டில் வற்றவிடாமல் இருக்கலாம். குளம் முழுவதையும் ஒரே ஆழத்தில் வெட்டி, கரையைச் சுவர்போல் செங்குத்தாக நிறுத்துவதுதான் பெருந்தவறு. கொள்ளளவு கூடிவிட்டதாகக் கணக்கு காட்டலாம்; கணுக்கால் அளவு நீரில் நிற்கும் பறவைக்கு அங்கே ஓரம் இருக்காது. மடையை ஒட்டி ஆழமாகவும், எதிர்ப்புறம் சரிவாகவும் வெட்டி, நடுவே சில மண்திட்டுகளை விட்டால் உழவருக்கும் பறவைக்கும் பயன்படும். வண்டல் மண் எடுக்க அனுமதி கொடுக்கும்போது, எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதுவதோடு எந்தப் பகுதியில் எடுக்கக்கூடாது என்பதையும் வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும். ஒப்பந்ததாரர் படிப்பது வரைபடத்தைத்தான்.

மீன் குத்தகை முடியும் பருவத்தில் மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்து குளத்தை ஒட்ட வற்றவைப்பதும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குளத்தில் விடுவதும் கண்காணிப்பில்லாத இடங்களில் நடக்கக்கூடியவை. குறைந்தபட்ச நீர்மட்டம் ஒன்றைக் குத்தகை ஆவணத்தில் எழுதி, அதை மடைக்கல்லில் வண்ணக்கோடாகக் குறித்துவிட்டால் ஊராரே கவனித்துக்கொள்வார்கள்.

கடலில் சேரும் நீரை வீண் என்று கணக்கிடுவது

மழைக்காலத்தில் மாவட்டத்தின் எந்தப் பாசனக் கூட்டத்திலும் கேட்கும் வாசகம், இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்பது. கடைவரம்பில் நெல் காயும்போது இந்த ஆதங்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் பழையாறு மணக்குடியில் கடலோடு சேரும் இடத்தில் உள்ள அலையாத்திச் செடிகளும், அங்கே வளரும் மீன்குஞ்சுகளும், ஆறு கடலில் கலக்கும் வாயான பொழிமுகத்தில் மூடிக்கொள்ளும் மணலைத் தள்ளும் விசையும் அந்த நன்னீரை நம்பியிருக்கின்றன. ஆற்றில் நீர் இறங்காத ஆண்டுகளில் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதற்கு வாய்ப்பு அதிகம். நாகர்கோவிலைத் தாண்டி வரும் பழையாறு கழிவுநீரையும் சுமக்கிறது. மேலே நன்னீர் குறைந்தால் கீழே போவது பெரும்பாலும் சாக்கடையாகவே இருக்கும். எனவே அணைத் திறப்பு அட்டவணையில் ஆற்றுக்கென ஒரு பங்கை எழுதிவைப்பது பறவை ஆர்வலர்கள் மட்டும் கேட்க வேண்டிய கோரிக்கை அல்ல. மணக்குடியின் இருகரை மீனவர்களும் கேட்க வேண்டியது.

குழித்துறைத் தாமிரபரணியில் கடல்நீர் உட்புகாமல் இருக்கப் பரக்காணியில் கட்டப்பட்டது போன்ற தடுப்பணைகள் குடிநீருக்குத் தேவையானவை. அவற்றில் கவனிக்கத் தவறுவது உயிரினங்களின் ஏற்றமும் இறக்கமும். விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளர்கிறது. ஆற்று இறாலின் குஞ்சுகளில் பல வகை உவர்நீரில் வளர்ந்து மேலேறுகின்றன. குறுக்குச்சுவர் மட்டும் நின்றால் இரண்டுக்கும் வழி அடைபடும். சுவரின் ஓரத்தில் சரிவான மீன்வழி ஒன்றை வடிவமைப்பிலேயே சேர்ப்பது எளிது. கட்டி முடித்தபின் உடைத்துச் சேர்ப்பது செலவும் ஆபத்தும் நிறைந்தது.

மலையடிவாரத்தில் நேரும் சில தவறுகள்

கால்வாய்களுக்குக் காங்கிரீட் பூச்சு போடும்போது, காட்டை ஒட்டி ஓடும் பகுதிகளில் விலங்கு விழுந்தால் ஏறிவரச் சாய்தளம் வைக்க வேண்டும். காட்டுக்குள் விலங்குகளுக்கென்று அமைக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் இது பொருந்தும். அத்தொட்டிகளை எங்கே வைப்பது என்பது இன்னும் முக்கியமானது. கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு அருகில் வைத்தால், யானையைப் பால்வெட்டும் தொழிலாளர்களின் பாதைக்கு நாமே அழைத்துவருவதாகும்.

மின்வாரியத்தை மறந்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. கோதையாற்றின் இரண்டு மின்நிலையங்களிலும் சுழலிகளைச் சுற்றியபின் வரும் நீர்தான் பேச்சிப்பாறைக்கு வந்து சேர்கிறது. மேலே எப்போது நீர் விடப்படும் என்பது மின்தேவையைப் பொறுத்தது. அந்த நேர அட்டவணை வனத்துறைக்கும், ஆற்றைக் கடந்து செல்லும் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் முன்னதாகத் தெரிய வேண்டும். 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானை மேல்கோதையாற்றின் முத்துக்குழிவயல் பகுதியில் விடப்பட்டபோது தீவனமும் தண்ணீரும் அங்கே போதுமானவை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படியானால் மேல்கோதையாற்றின் நீர்மட்டம் மின்வாரியத்தின் விவகாரம் மட்டுமாக இருக்க முடியாது.

மாநில எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். நெய்யாறு அணை கேரளத்தின் நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோடு பகுதிக்கு வந்த நீர் 2004-இல் நின்றுபோனது. அதை மீண்டும் பெறுவதற்கான பேச்சுவார்த்தையைப் பாசனப் பொறியாளர்களிடம் மட்டும் விடுவது பாதிப் பேச்சுவார்த்தையே.

ஒருங்கிணைப்புக்குப் புதிய குழு வேண்டுமென்று கேட்பவர்கள், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தைக் கவனிக்கலாம். மேலே சொன்ன துறைகளை ஒரே அறையில் அமரவைக்கக்கூடிய கூட்டம் அது. எந்தக் குளத்தில், எந்தப் பாதியில், எந்த வாரத்தில் இயந்திரம் இறங்கும் என்ற பட்டியலை ஜனவரிக் கூட்டத்திலேயே பாசன சங்கங்கள் கேட்டு வாங்கினால், வனத்துறை தன் ஆட்சேபத்தைச் சொல்லப் பிப்ரவரி முழுவதும் கிடைக்கும். மார்ச் முதல் வாரத்தில் வேலையையும் தொடங்கிவிடலாம்.