பூட்டு விழுவதற்கு முன்: வடசென்னையில் மருத்துவ, நலச் சேவைகளைக் காக்கும் வழிமுறை

வடசென்னையில் ஒரு சுகாதார நிலையமோ, அங்கன்வாடியோ, வீடற்றோர் காப்பகமோ முன்கூட்டி அறிவித்து மூடப்படுவது அரிது. மாலை நேர மருத்துவர் மாற்றுப் பணியில் வேறிடம் அனுப்பப்படுகிறார். பிரசவ வார்டு கட்டடப் பழுதுக்காகத் ‘தற்காலிகமாக’ நிறுத்தப்பட்டு, கர்ப்பிணிகள் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகச் சொல்லப்படுகிறார்கள். முப்பது நாளுக்குக் கிடைத்துவந்த சர்க்கரை மாத்திரை பத்து நாளுக்குக் கிடைக்கிறது. சில மாதங்கள் கழித்து, நோயாளிகளின் வருகை குறைந்துவிட்டதாக ஒரு குறிப்பு கோப்பில் ஏறுகிறது. வருகை ஏன் குறைந்தது என்பது அந்தக் கோப்பில் இருப்பதில்லை. கதவில் பூட்டு தொங்கிய பிறகு திரளும் கூட்டத்திற்கு அனுதாபம் கிடைக்கலாம். ஆனால், முடிவை மாற்றத் தேவையான காகிதம் அதன் கையில் இருக்காது. எனவே இங்கே சொல்லப்படுபவை, மாத்திரை முதன்முறையாகக் குறையும் நாளிலிருந்தே செய்ய வேண்டியவை.

எந்தக் கதவு யாருடையது

மனுக்களில் பெரும்பகுதி தவறான மேசையில் இறங்கியே வீணாகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவற்றுக்கு மேலுள்ள சமுதாய நல மையங்கள், தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை ஆகியவை பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. இவற்றுக்கு மண்டல நல அலுவலர், அவருக்கு மேல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மாநகர நல அலுவலர். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என ஒன்று முதல் ஆறு வரையிலான மண்டலங்களில் உங்கள் தெரு எதில் வருகிறது, வார்டு எண் என்ன என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பெரிய மருத்துவமனைகள் மாநில அரசின் மருத்துவக் கல்வித் துறையின் கீழ் இயங்குபவை. அங்குள்ள குறையை மாமன்ற உறுப்பினரிடம் (வார்டு கவுன்சிலரிடம்) சொன்னால் அவரால் பரிந்துரைக் கடிதம் மட்டுமே தர முடியும். அங்கன்வாடி, சமூக நலத்துறையின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அடங்கும். முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் இருக்கிறது. வீடற்றோர் இரவுக் காப்பகம் மீண்டும் மாநகராட்சிக்கு வருகிறது. எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டிக் காட்டுப்பள்ளிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மாவட்டமே மாறி, திருவள்ளூர் ஆட்சியரகத்திற்குப் போக வேண்டியிருக்கும்.

ஸ்டான்லியை இன்றும் முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1782இல் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தையொட்டி வளர்ந்தது அந்த மருத்துவமனை. சோறும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைத்த வட்டாரத்தில் இன்று துறைகள் மட்டும் தனித்தனியாக இயங்குகின்றன. அங்கன்வாடியில் சத்துமாவு நின்றால் எடை குறைந்த குழந்தை சுகாதார நிலையத்திற்கு வரும் என்பது தாய்மார்களுக்குத் தெரிந்த உண்மை. ஆகவே மனுக்களைத் துறைவாரியாகப் பிரித்து எழுதினாலும், இயக்கத்தை ஒன்றாகவே நடத்துவது நல்லது.

பதிவேடு

இயக்கத்தின் முதல் செலவு ஒரு நீள நோட்டுப் புத்தகம். அதில் தேதி, நேரம், போன இடம், கேட்ட சேவை, கிடைத்தது அல்லது கிடைக்காதது, அங்கே சொல்லப்பட்ட பதில் என்ற வரிசையில் எழுத வேண்டும். ‘மருந்தே கிடைப்பதில்லை’ என்ற வாக்கியத்தை எந்த அலுவலரும் ஒரு நிமிடத்தில் மறுத்துவிடுவார். இன்ன தேதியில் இன்ன இரத்த அழுத்த மாத்திரை முப்பது நாளுக்குப் பதில் பத்து நாளுக்குத் தரப்பட்டது, மீதியை வெளியில் வாங்க இவ்வளவு செலவானது என்று நாற்பது பேரின் பதிவுகள் இருந்தால் மறுப்பது கடினம். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டிலேயே எத்தனை மாத்திரை தரப்பட்டது என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைச் சம்மதம் பெற்று, பெயரை மறைத்துப் படமெடுத்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறுபவர்கள், தன்னார்வலர் வராத மாதங்களைக் குறித்துவைக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரின் வீட்டில் ஏற்படும் இடைவெளி எந்தப் புறநோயாளிப் பதிவிலும் தெரியாது என்பதால், நோட்டில் இந்தப் பகுதிக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்குவது அவசியம்.

காசநோய், எச்.ஐ.வி., மனநலம் தொடர்பான விவரங்களைப் பதிவேட்டில் எழுதவே கூடாது. ஒரே படிக்கட்டைப் பத்துக் குடும்பங்கள் பயன்படுத்தும் வாரியக் குடியிருப்பில் ஒரு நோட்டு கைமாறினால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதேபோல, உள்ளிருந்து தகவல் சொல்லும் செவிலியர், மருந்தாளுநர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரின் பெயரும் எங்கும் வரக் கூடாது. அவர்கள் நடத்தை விதிகளுக்கும், பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டவர்கள்.

தூரத்தை நிமிடத்தில் அளப்பது

‘பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கிறதே’ என்பதுதான் இப்பகுதியில் அடிக்கடி கேட்கும் பதில். வரைபடத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம், துறைமுகத்திற்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை, ஒரு மணி நேர மழைக்கே நீர் தேங்கும் வியாசர்பாடிச் சுரங்கப்பாதை ஆகியவை வரைபடத்தில் இல்லை. ஆகவே, இடமாற்றத்தை எதிர்க்கும் குழு கிலோமீட்டர் கணக்கில் பேசாமல் நிமிடக் கணக்கிலும் ரூபாய்க் கணக்கிலும் பேச வேண்டும். ஒரே தெருவிலிருந்து பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் காலை எட்டு மணி, மதியம், இரவு பத்து மணி ஆகிய மூன்று நேரங்களில் ஆட்டோவிலும் பேருந்திலும் போய் நேரத்தையும் கட்டணத்தையும் எழுதுங்கள். ஒரு மழை நாளிலும் இதைச் செய்யுங்கள். அரசு சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் பிரசவ வலியோடு பேருந்து நிறுத்தத்தில் யாரும் நிற்க மாட்டார்கள் என்பதால் ஆட்டோக் கட்டணத்தையே முன்வைக்க வேண்டும். துணைக்கு வருபவர் இழக்கும் அரைநாள் கூலியையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் எண்ணூர், மணலி மக்களுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறலுடன் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட நேர்ந்தது. அப்படிப்பட்ட இரவில் ஆக்சிஜனும் மருத்துவரும் எத்தனை நிமிடத் தொலைவில் இருந்தார்கள் என்பதை நினைவூட்டாமல் இப்பகுதியின் இரவு நேரச் சேவையைப் பற்றிய எந்த மனுவும் எழுதப்படக் கூடாது.

மக்கள்தொகைக் கணக்கும் கைவசம் இருக்கட்டும். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோல், ஏறக்குறைய 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது. அங்கன்வாடிக்கு 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். புதிய குடியிருப்புத் தொகுதி வந்து ஆயிரக்கணக்கானோர் குடியேறிய இடத்தில் பழைய மையத்தையே வைத்திருந்தால், அந்த வித்தியாசமே உங்கள் வாதம்.

ஆட்களைச் சேர்ப்பது

காசிமேட்டில் ஞாயிறு காலை கூட்டம் வைப்பவர் அந்த ஊரை அறியாதவர். வாரத்திலேயே மீன் விற்பனை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. மீன் விற்கும் பெண்கள் வீடு திரும்பிச் சற்று அமரும் பிற்பகலும், சுமைத் தொழிலாளர்களின் வேலை நேரமும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களின் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வீடுவீடாகக் கணக்கெடுக்க அதைவிட நல்ல காலம் இல்லை. மீனவ ஊர் நிர்வாகம், மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஜமாத், தேவாலயப் பங்குப் பேரவை, ஆட்டோ நிறுத்தம், கேரம் மன்றம், கால்பந்துக் குழு ஆகிய எல்லாமே அழைக்க வேண்டிய இடங்கள். இளைஞர்களை மன்றத்தில் போய்ப் பார்த்து, பயண நேரம் அளக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள்.

கட்சிக்காரர்கள் வருவார்கள், வரட்டும். ஆனால் மனுவின் தலைப்பில் குடியிருப்போர் பெயர் மட்டுமே இருக்கட்டும், கொடி வேண்டாம். ஆளும் கட்சிக்கு எதிரான கூட்டம் என்ற முத்திரை விழுந்துவிட்டால், அதன்பின் மாத்திரையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

தகவல் கேட்பது

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் விண்ணப்பிக்க ரூ.10 மதிப்புள்ள நீதிமன்றக் கட்டண வில்லை போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று இணைத்தால் அதுவும் வேண்டாம். ‘ஏன் மூடினீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. பொதுத் தகவல் அலுவலர் தன்னிடமுள்ள ஆவணத்தைத் தரக் கடமைப்பட்டவரே தவிர, விளக்கம் எழுத அல்ல. ஆகவே இப்படிக் கேளுங்கள்: ‘இந்நிலையத்திற்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதவி வாரியாக எத்தனை, அவற்றில் இன்றைய தேதியில் நிரப்பப்பட்டவை, காலியாக உள்ளவை, மாற்றுப் பணியில் வேறிடம் அனுப்பப்பட்டவை எவை, பிரசவ வார்டை இடமாற்றம் செய்த ஆணையின் நகல், கடந்த 12 மாதங்களில் மாத வாரியாகப் புறநோயாளிகள், பிரசவங்கள் எண்ணிக்கை, அதே காலத்தில் இருப்பில் இல்லாமல் போன மருந்துகளின் பட்டியல், தேதிகளுடன்.’ மாற்றுப் பணி பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். காகிதத்தில் நிரம்பியிருக்கும் பணியிடம் நேரில் காலியாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். ஆணையம் வரை போனால் காலம் நீளும் என்பதால், பதிலுக்காகக் காத்திருக்காமல் மற்ற வேலைகளைத் தொடர வேண்டும். இடமாற்ற ஆணை என்று எதுவுமே இல்லை என்ற பதில் வந்தால், அது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆவணங்களிலேயே பயனுள்ளதாக இருக்கும். எழுத்தில் இல்லாத முடிவைத் திரும்பப் பெறுவதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

மனுவும் அழுத்தமும்

முதல் மனு நிலையத்தின் மருத்துவ அலுவலருக்குப் போக வேண்டும். அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாவிட்டாலும், மேலிடத்துக்கு ஆள் கேட்டு எழுத அவருக்கு அது ஒரு ஆதாரமாகிறது. பல நேரங்களில் அவர் உங்கள் பக்கம்தான் இருக்கிறார். கூட்டமாகப் போய் அவரிடம் குரல் உயர்த்துவது முட்டாள்தனம். மருத்துவப் பணியாளர்களையும் நிறுவனங்களையும் வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் வேறு இருக்கிறது. ஒரு கண்ணாடி உடைந்தால் இயக்கம் வழக்காக மாறிவிடும்.

அடுத்து மண்டல நல அலுவலர், மாமன்ற உறுப்பினர். மாமன்றக் கூட்டத்தில் உறுப்பினர் எழுப்பும் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறும் என்பதால், அவரிடம் கோரிக்கையாக அல்லாமல் கேள்வி வடிவிலேயே எழுதித் தாருங்கள். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த வார்டு குழுவும் பகுதி சபையும் இன்னும் பலருக்குத் தெரியாத வாய்ப்பு. அந்தக் கூட்டத்திற்கு முப்பது பேர் போய் ஒரே பொருளைப் பேசி, அதைத் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சிக்கு 1913, முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 ஆகிய ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மனு எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்று மனு முடித்துவைக்கப்பட்டால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுநாளே அடுத்த மனு போக வேண்டும்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அடிக்கல் நாட்டுவது எளிது, செவிலியரை நியமிப்பது கடினம் என்பது என் கருத்து. எனவே, கட்டடம் கேட்கும் மனுவில் பணியிடத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். நிதி தேவைப்படும் கோரிக்கைகளை நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படும் பிப்ரவரி, மார்ச்சில் கொடுத்துப் பயனில்லை; மதிப்பீடுகள் தயாராகும் அக்டோபர், நவம்பரிலேயே கொடுக்க வேண்டும்.

தெருவில் இறங்க வேண்டியிருந்தால், காவல்துறை அனுமதிக்குக் குறைந்தது ஐந்து நாட்களுக்கு முன் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனை வாசலை மறிக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் தடைபட்ட ஒரே ஒரு படம் பல மாத உழைப்பை அழித்துவிடும்.

நீதிமன்றம்

அவசரச் சிகிச்சை தர இயலாமல் போவது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை அடிப்படையாக வைத்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் மனு கொடுத்துப் பதில் வராததைக் காட்ட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு மனு எண்களும் தேவைப்படுகின்றன. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். மருத்துவமனைச் சேவை தொடர்பான பூசல்களை சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழுள்ள நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம்.

சேவை திரும்பக் கிடைத்தால் ஆணையின் நகலை வாங்கி, பணியிடம் நிரந்தரமா, ஒப்பந்தமா, மாற்றுப் பணியா என்று பாருங்கள். ஒப்பந்தம் என்றால் அது முடியும் மாதத்தைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மூன்று மாதம் முன்னதாகவே புதுப்பிக்கக் கோரும் மனுவைக் கொடுங்கள். திரும்ப வந்த வார்டை மக்கள் பயன்படுத்தாவிட்டால் ‘வருகை குறைவு’ என்ற குறிப்பு மீண்டும் எழுதப்படும். எனவே தனியார் மருத்துவமனைக்குப் பழகிப்போன குடும்பங்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்து, வார்டு திறந்திருக்கும் நேரத்தையும் அங்கே இருக்கும் மருத்துவரையும் பற்றிச் சொல்லும் வேலை குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.