ஓணம் லீவில் சோழநாடு: காரை எடுக்கும்முன் திருத்த வேண்டிய கணக்குகள்

பாலக்காட்டின் தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் யாராவது காரில் தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றத் திட்டம் போட்டால், தாளில் முதலில் ஏறுவது கிலோமீட்டர்தான். பாலக்காட்டிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 325, அங்கிருந்து கும்பகோணம் 40, கும்பகோணத்திலிருந்து சிதம்பரம் 75. கூட்டிப் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் பயணம் கெடுவது தூரத்தால் அல்ல. நடை எப்போது சாத்துவார்கள், மழை எப்போது பிடிக்கும், எந்தக் கிழமை எங்கே கூட்டம் என்பதையெல்லாம் நம் ஊர் வழக்கத்தை வைத்தே முடிவுசெய்துவிடுகிறோம்.

முதலில் மழை. ஆடி, ஆவணி மழை ஓய்ந்ததும் பூஜை லீவில் கிளம்பலாம் என்று நமக்குத் தோன்றும். நம் பக்கம் துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) என்றால் சாயங்காலம் இடியோடு ஒரு மழை, அவ்வளவுதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அதுவே அவர்களுடைய பெரிய மழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, புயலும் சேர்ந்து வரும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கத்தில்தான். ஆகவே கடற்கரையும் சேர்ந்த பயணம் என்றால் பொங்கல் கழிந்து பிப்ரவரியில் போங்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்க்கவும். பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் ராத்திரியிலும் சாலையோரம் வரிசையாகப் போவார்கள், வேகமாக ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது.

ஓணம் லீவுதான் கிடைக்கும் என்றால், வேளாங்கண்ணியைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. ஓணம் பல வருடங்களில் இதற்குள்ளேயோ பக்கத்திலேயோ விழுகிறது. நாகப்பட்டினத்தில் அப்போது லாட்ஜ் கிடைப்பது கஷ்டம். திருவிழாவுக்கே போகிறவர்களுக்குச் சரி, போகிற வழியில் எட்டிப் பார்க்க அது நேரமல்ல.

அடுத்தது நடை சாத்தும் நேரம். இதில்தான் நிறையப் பேருக்குப் பாதி நாள் வீணாகிறது. டெல்டாக் கோயில்களில் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பன்னிரண்டேகாலுக்குப் போய் இறங்கினால், பூக்காரம்மா மிச்சச் சரத்தின் மேல் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். உள்ளே விட்டாலும் பிராகாரத்துக் கருங்கல் சுடும். குழந்தைகள் ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு ஓடுவார்கள். மேலே கோபுரத்தைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

இந்த நான்கு மணிநேரத்தை மறந்துவிட்டு ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்கள் என்று கிளம்புவதுதான் பெரிய தப்பு. திங்களூரிலிருந்து கீழப்பெரும்பள்ளம் வரை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாமியைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். கும்பகோணத்தில் அறை எடுத்து இரண்டு நாளாகப் பிரியுங்கள். கூட்டம் நெரியும் வியாழக்கிழமை ஆலங்குடியையும் சனிக்கிழமை திருநள்ளாற்றையும், நேர்த்திக்கடன் இருந்தாலொழிய, தவிர்க்கலாம். மதியத்தில் வண்டி ஓட்டுங்கள், காலையும் மாலையும் கோயிலுக்கு. அப்புறம், நவக்கிரக அவசரத்தில் தாராசுரத்தை விட்டுவிடாதீர்கள். கும்பகோணத்துக்கு அருகிலேயே இருக்கிற அந்த ஐராவதேசுவரர் கோயிலும் தஞ்சைப் பெரிய கோயிலைப் போல உலகப் பாரம்பரியச் சின்னம். மாலை வெயில் சாயும்போது அதன் தூண்களில் உள்ள சின்னச் சின்னச் சிற்பங்களைப் பார்க்க ஒன்றரை மணிநேரம் வேண்டும்.

சட்டை விஷயத்தில், கேரளக் கோயில்களில் கழற்றிப் பழகிய நமக்குக் குழப்பமே வேண்டாம் என்று நினைப்போம். தமிழ்நாட்டில் பொதுவாகச் சட்டையோடு போகலாம், ஆனால் சுசீந்திரம், கன்னியாகுமரி பகவதியம்மன் கோயில் இரண்டிலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். 1956 நவம்பர் 1 வரை அதெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது. திருச்செந்தூரிலும் இதே வழக்கம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது; திங்கட்கிழமை விடுமுறை, திட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கைபேசி. மதுரை, பழனி, திருச்செந்தூரில் உள்ளே கொண்டுபோக முடியாது. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. பணமெல்லாம் கைபேசியில்தான் என்று இருப்பவர்கள் அர்ச்சனைச் சீட்டு வாங்குமிடத்தில் விழிப்பார்கள். கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் எந்தக் கோபுரத்தடியில் சந்திப்பது என்பதையும் செருப்பு விடும்போதே பேசிவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பி, ஜன்னல் ஓரமாகக் கடல் கூடவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பெரும்பாலும் வயல், உப்பளம், கருவேலங்காடு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையை விட்டு இறங்க வேண்டும்: தரங்கம்பாடியில் 1620இல் தொடங்கிய டேனிஷ்காரர்களின் கோட்டை, சேதுபாவாசத்திரம் பக்கம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்னும் நவக்கிரகக் கற்கள். அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலைகளில் இன்னொன்று உண்டு. பாதிச் சாலையில் நெல் காயும், சுற்றிலும் எல்லைக்குக் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது. கிராமச் சாலைகளில் பொழுது சாய்ந்தபின் ஓட்டாமலிருப்பதே நல்லது.

ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக விடமாட்டார்கள். மாற்றுத்துணி காரில் அல்ல, கையில் இருக்க வேண்டும். தனுஷ்கோடியை மாலைக்குத் தள்ளிவைக்காதீர்கள், அரிச்சல்முனைக்கு வண்டி விடுவதைச் சாயங்காலமே நிறுத்திவிடுவார்கள்.

கன்னியாகுமரியில் உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே பார்க்கலாம் என்பது வருடம் முழுவதற்கும் பொருந்தாது. ஓணம் சமயத்தில் போனால் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி நிலத்தின் பக்கம் இறங்கிவிடும். கடலில் இறங்குவது குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான்.

அங்கிருந்து திருவனந்தபுரம், கொல்லம் வழியாகக் கேரளக் கரையோரமே வீடு திரும்பலாம் என்று ஆசை வரும். ஊருக்குள் ஊராகப் போகும் அந்தச் சாலையில் அசந்துபோவீர்கள். திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியே வருவது சுகம், திண்டுக்கல் வரை நான்குவழிச் சாலை. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுங்கள், கேரளத்துக்குள் பெட்ரோல் விலை கூடுதல்.